கொழுப்புக் கல்லீரல் நோயில் நோயெதிர்ப்பு உயிரணுக்களின் பங்கு

கொழுப்புக் கல்லீரல் நோய் என்பது கல்லீரலின் உயிரணுக்களுக்குள் கொழுப்பு அளவுக்கு மீறிச் சேர்வதால் உண்டாகும் நோய்நிலை ஆகும். கொழுப்பு சேர்வது இந்நோயின் தொடக்கம் மட்டுமே. அதன் பின்னர் கல்லீரலில் அழற்சி தோன்றுவதிலும், தழும்பு உருவாவதிலும், சிலருக்குப் புற்றுநோய் ஏற்படுவதிலும் நோயெதிர்ப்பு உயிரணுக்கள் முதன்மையான பங்கு வகிக்கின்றன.

கல்லீரலில் கொழுப்பு சேர்ந்தவர்களுள் பெரும்பாலோருக்கு ஆண்டுகள் பல கடந்தும் கல்லீரல் பெரிதாகப் பழுதடைவதில்லை. ஒரு சிலருக்கு மட்டும் அது கடினமாகிச் சுருங்கிச் செயலிழக்கின்றது. இந்த வேறுபாட்டிற்கு மரபு, உணவு, நீரிழிவு, மதுப் பழக்கம் எனப் பல காரணங்கள் உள்ளன. இக்காரணங்களிற் பல, நோயெதிர்ப்பு உயிரணுக்கள் தூண்டப்படுவதன் வழியாகவே கல்லீரலுக்குக் கேடு விளைவிக்கின்றன. அதே வேளையில், பழுதடைந்த கல்லீரலைச் சீர்செய்வதும் இவ்வுயிரணுக்களே. இவ்விரு பணிகளையும் ஒருசேரப் புரிந்துகொண்டால்தான், இவ்வுயிரணுக்களைத் தடுக்கும் மருந்துகள் ஏன் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை என்பது விளங்கும்.

நோயும் அதன் பெயர்களும்

கல்லீரலின் முதன்மை வேலைகளைச் செய்பவை ஹெப்பட்டோசைட்டு எனப்படும் ஈரலணுக்கள் ஆகும். இவற்றுள் 5 விழுக்காட்டிற்கு மேற்பட்டவற்றில் கொழுப்புத் துளிகள் காணப்பட்டால் அது கொழுப்பேறிய கல்லீரல் எனப்படும். மது அருந்துவோருக்கு இந்நிலை ஏற்படுவது நெடுங்காலமாக அறியப்பட்டிருந்தது. 1980 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தைச் சேர்ந்த நோயியலாளர் யூர்கன் லுட்விக்கும் அவரது குழுவினரும், மது அருந்தாத 20 நோயாளிகளிடம் மதுவினால் உண்டாவதைப் போன்ற கல்லீரல் அழற்சி இருப்பதை விவரித்தனர். இதற்கு அவர்கள் மதுசாராக் கொழுப்புக் கல்லீரல் அழற்சி எனப் பொருள்படும் பெயரை இட்டனர்.

உடற் பருமன், இரண்டாம் வகை நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், குருதியில் மிகுந்த டிரைகிளிசரைடு ஆகியவற்றோடு இந்நோய் நெருங்கிய தொடர்புடையது. இதனைக் கருத்திற் கொண்டு 2023 ஆம் ஆண்டில் பன்னாட்டுக் கல்லீரல் மருத்துவக் கழகங்கள் இதன் பெயரை, வளர்சிதைமாற்றக் குறைபாட்டோடு தொடர்புடைய கொழுப்புக் கல்லீரல் நோய் என்று பொருள்படும்படி மாற்றியமைத்தன. உலகில் வயதுவந்தோரில் ஏறத்தாழ 30 விழுக்காட்டினருக்கு இந்நோய் இருப்பதாக மதிப்பிடப்பட்டுள்ளது. தெற்காசிய மக்களிடம் உடல் எடை மிகாதவர்களிடையேயும் இது காணப்படுகின்றது. இந்திய அரசு 2021 ஆம் ஆண்டில் இந்நோயைத் தொற்றா நோய்களுக்கான தன் தேசியத் திட்டத்தில் சேர்த்தது.

இந்நோய் பொதுவாகப் பின்வரும் நிலைகளாகப் பிரித்தறியப்படுகின்றது:

1. எளிய கொழுப்பேற்றம்: ஈரலணுக்களில் கொழுப்பு மட்டும் சேர்ந்திருத்தல்.
2. கொழுப்புக் கல்லீரல் அழற்சி: கொழுப்புடன் அழற்சியும் ஈரலணுக்களின் சேதமும் காணப்படுதல்.
3. தழும்புறல்: சேதமடைந்த இடங்களில் நாரிழைகள் படிதல்.
4. இழைநார் வளர்ச்சி: கல்லீரல் முழுவதும் தழும்புகளாற் பிரிக்கப்பட்டு முடிச்சு முடிச்சாக மாறுதல். மருத்துவத்தில் இது சிரோசிஸ் எனப்படுகின்றது.

தழும்புறலின் கடுமை 0 முதல் 4 வரையான படிகளாகக் கணக்கிடப்படுகின்றது. அடுத்தடுத்துத் திசு ஆய்வு செய்யப்பட்ட நோயாளிகளைப் பற்றிய ஆய்வுகள் 2015 ஆம் ஆண்டில் ஒருங்கே தொகுத்து ஆராயப்பட்டன. எளிய கொழுப்பேற்றம் உள்ளவர்களுக்கு ஒரு படி முன்னேறச் சராசரியாக 14 ஆண்டுகளும், அழற்சி உள்ளவர்களுக்கு 7 ஆண்டுகளும் ஆவதாக அதில் கண்டறியப்பட்டது. அழற்சி இருப்பின் நோய் இருமடங்கு விரைவாக முன்னேறுகின்றது என்பதே இதன் பொருள்.

நோயெதிர்ப்பு உறுப்பாகக் கல்லீரல்

செரிமானம், சேமிப்பு, நச்சு நீக்கம் ஆகியவற்றுக்கான உறுப்பாகவே கல்லீரல் பெரும்பாலும் அறியப்படுகின்றது. உடலின் நோயெதிர்ப்பு அமைப்பிலும் அதற்கு முக்கிய இடம் உண்டு. இதயம் வெளியேற்றும் குருதியில் ஏறத்தாழக் கால் பங்கு கல்லீரல் வழியே செல்கின்றது. கல்லீரலுக்கு வரும் குருதியில் சுமார் முக்கால் பங்கு, குடலிலிருந்து போர்ட்டல் சிரை வழியாக வந்து சேர்வதாகும். உணவின் சத்துக்களுடன், குடலில் வாழும் பாக்டீரியாக்களின் சிதைவுப் பொருட்களும் இக்குருதியில் கலந்திருக்கும்.

ஆகவே கல்லீரலின் நோயெதிர்ப்பு உயிரணுக்கள் நாள்தோறும் இரு வேலைகளைச் செய்ய வேண்டியுள்ளது. உண்மையான கிருமி வந்தால் அதனை அழிக்க வேண்டும். உணவுப் பொருட்களும் தீங்கற்ற பாக்டீரியாத் துணுக்குகளும் வந்தால் அவற்றைப் பொறுத்துக்கொண்டு அமைதியாக அகற்ற வேண்டும். உடல்நலமுள்ள ஒருவரின் கல்லீரலில் இந்தப் பொறுமையே மேலோங்கி நிற்கின்றது. கொழுப்புக் கல்லீரல் நோயில் இச்சமநிலை குலைகின்றது.

அழற்சி தொடங்கும் விதம்

ஈரலணுக்களிற் சேரும் கொழுப்பு மூன்று வழிகளில் வருகின்றது. 2005 ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், நோயாளிகளின் கல்லீரலில் இருந்த டிரைகிளிசரைடில் ஏறத்தாழ 59 விழுக்காடு உடலின் கொழுப்புத் திசுக்களிலிருந்து குருதி வழியே வந்தது என்றும், 26 விழுக்காடு மாவுப்பொருள், சர்க்கரை ஆகியவற்றிலிருந்து கல்லீரலிலேயே உருவானது என்றும், 15 விழுக்காடு உணவுக் கொழுப்பிலிருந்து நேரடியாக வந்தது என்றும் காணப்பட்டது. இன்சுலினுக்கு உடல் சரிவர இணங்காத நிலையில் முதல் இரு வழிகளும் பெருகுகின்றன.

டிரைகிளிசரைடாக மாற்றிச் சேமிக்கப்பட்ட கொழுப்பு, ஒப்பீட்டளவில் தீங்கு குறைந்தது. சேமிக்கும் ஆற்றலை மீறி வரும் கொழுப்பமிலங்களே, குறிப்பாகப் பால்மிட்டிக் அமிலம் போன்ற நிறைவுற்ற கொழுப்பமிலங்களே, ஈரலணுக்களுக்கு நஞ்சாகின்றன. இவற்றால் இழைமணிகளும் புரதங்களை உருவாக்கும் அகக்கலவுரு வலையும் பாதிக்கப்படுகின்றன. உயிரணு பலூன் போல் உப்புகின்றது. சில உயிரணுக்கள் இறக்கின்றன. இறந்தும் சேதமடைந்தும் போன உயிரணுக்களிலிருந்து வெளிப்படும் டி. என். ஏ., ஏ. டி. பி., கொலஸ்டிரால் படிகங்கள் முதலியன நோயெதிர்ப்பு உயிரணுக்களுக்கு அபாய அறிகுறிகளாக அமைகின்றன.

இதே காலத்தில் குடலிலிருந்தும் தூண்டல் வருகின்றது. குடற்சுவரின் காப்பு தளரும்போது லிப்போபாலிசாக்கரைடு எனப்படும் பாக்டீரியா அகநச்சு கூடுதலாகக் கல்லீரலை அடைகின்றது. இதனை நோயெதிர்ப்பு உயிரணுக்களின் மேற்பரப்பிலுள்ள டி. எல். ஆர். 4 என்னும் ஏற்பி உணர்கின்றது. உயிரணுவின் உள்ளே என். எல். ஆர். பி. 3 என்னும் புரதம் மையமாக அமைந்த அழற்சித் தொகுதி ஒன்றுகூடி, இன்டர்லூக்கின்-1 பீட்டா, இன்டர்லூக்கின்-18 ஆகிய சைட்டோகைன்களைச் செயல்நிலைக்குக் கொண்டுவருகின்றது. சைட்டோகைன்கள் என்பவை உயிரணுக்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பப் பயன்படுத்தும் புரதங்கள் ஆகும்.

மூன்றாவது தூண்டல் உடலின் கொழுப்புத் திசுக்களிலிருந்து வருகின்றது. பருமனான விலங்குகளின் கொழுப்புத் திசு, கட்டி நசிவுக் காரணி எனப்படும் சைட்டோகைனைச் சுரப்பதும், அது இன்சுலினின் செயலைக் குறைப்பதும் 1993 ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டன.

இத்தூண்டல்கள் எவ்வாறு ஒன்றுசேர்கின்றன என்பதைப் பற்றிய விளக்கமும் காலப்போக்கில் மாறியது. 1998 ஆம் ஆண்டில் கிறிஸ்டோபர் டே, ஆலிவர் ஜேம்ஸ் ஆகியோர் இரு அடிக் கோட்பாட்டை முன்வைத்தனர். முதல் அடியாகக் கொழுப்பு சேர்கின்றது என்றும், இரண்டாம் அடியாக வேறொரு பாதிப்பு வந்து அழற்சியை உண்டாக்குகின்றது என்றும் இக்கோட்பாடு கூறியது. 2010 ஆம் ஆண்டில் ஹெர்பர்ட் டில்க், அலெக்சாண்டர் மோஷன் ஆகியோர் குடல், கொழுப்புத் திசு, மரபு எனப் பல பாதிப்புகள் ஒரே காலத்தில் இணையாக நிகழ்கின்றன என்ற விளக்கத்தை அளித்தனர். பிந்திய விளக்கமே இப்போது பரவலாக ஏற்கப்பட்டுள்ளது.

பங்குபெறும் உயிரணுக்கள்

குப்பர் உயிரணுக்கள்

மாக்ரோஃபேஜ் எனப்படும் பெருவிழுங்கிகள், கிருமிகளையும் இறந்த உயிரணுக்களையும் விழுங்கிச் செரிக்கும் நோயெதிர்ப்பு உயிரணுக்கள் ஆகும். இவ்வாறு விழுங்கும் செயலை 1882 ஆம் ஆண்டில் நட்சத்திர மீன்களின் இளவுயிரிகளில் கண்டறிந்த இலியா மெச்னிக்கோவ் 1908 ஆம் ஆண்டு நோபல் பரிசைப் பகிர்ந்து பெற்றார். கல்லீரலில் நிலையாகத் தங்கி வாழும் பெருவிழுங்கிகள் குப்பர் உயிரணுக்கள் எனப்படுகின்றன. உடலின் திசுக்களில் தங்கி வாழும் பெருவிழுங்கிகளில் 80 முதல் 90 விழுக்காடு வரை இவையே ஆகும்.

இப்பெயர் ஒரு நீண்ட குழப்பத்தின் விளைவு ஆகும். 1876 ஆம் ஆண்டில் ஜெர்மானிய உடற்கூற்றியலாளர் கார்ல் வில்லெம் ஃபொன் குப்பர், தங்கக் குளோரைடு சாயத்தைக் கொண்டு கல்லீரலில் விண்மீன் வடிவ உயிரணுக்களைக் கண்டார். பின்னர் அவரே இவற்றை விழுங்கும் உயிரணுக்கள் என்று கருதலானார். 1898 ஆம் ஆண்டில் போலந்து நோயியலாளர் ததேயுஷ் புரோவிச் கல்லீரலின் விழுங்கும் உயிரணுக்களைச் சரியாக இனங்கண்டார். குப்பர் முதலிற் கண்டவை விழுங்கும் உயிரணுக்கள் அல்ல. வைட்டமின் ஏ-யைச் சேமிக்கும் வேறொரு வகை உயிரணுக்கள் என்பதை 1971 ஆம் ஆண்டில் ஜப்பானிய ஆய்வாளர் கென்ஜிரோ வாக்கே தெளிவுபடுத்தினார். இவ்விரு வகை உயிரணுக்களுமே கொழுப்புக் கல்லீரல் நோயில் முக்கியமானவை. விழுங்கும் உயிரணுக்கள் குப்பரின் பெயரையும், சேமிக்கும் உயிரணுக்கள் விண்மீன் உயிரணுக்கள் என்ற பெயரையும் இன்று தாங்கி நிற்கின்றன.

குப்பர் உயிரணுக்கள் கரு வளர்ச்சிக் காலத்திலேயே கல்லீரலில் குடியேறி, அங்கேயே பிரிந்து பெருகித் தம் எண்ணிக்கையைக் காத்துக்கொள்கின்றன. நுண்குருதிக் குழாய்களின் உட்புறத்தில் ஒட்டியிருந்து, கடந்து செல்லும் குருதியை அவை வடிகட்டுகின்றன. கொழுப்புக் கல்லீரல் நோயின் தொடக்கத்தில் அபாய அறிகுறிகளை முதலில் உணர்பவையும் இவையே. அவ்வாறு உணர்ந்தவுடன் கட்டி நசிவுக் காரணி, இன்டர்லூக்கின்-1 பீட்டா ஆகியவற்றையும், வேறு உயிரணுக்களை அழைக்கும் கீமோகைன்களையும் சுரக்கின்றன.

மோனோசைட்டுகளும் புதிய பெருவிழுங்கிகளும்

மோனோசைட்டுகள் எலும்பு மச்சையில் உருவாகிக் குருதியிற் சுற்றிவரும் வெள்ளணுக்கள் ஆகும். சி. சி. எல். 2 என்னும் கீமோகைன் கல்லீரலிலிருந்து வெளிப்படும்போது, அதற்குரிய சி. சி. ஆர். 2 ஏற்பியைக் கொண்ட மோனோசைட்டுகள் கல்லீரலுக்குள் நுழைந்து பெருவிழுங்கிகளாக மாறுகின்றன. நோய் நீடிக்கும்போது குப்பர் உயிரணுக்கள் பல இறந்துபோகின்றன என்பதையும், அவற்றின் இடத்தை இப்புதியவை நிரப்புகின்றன என்பதையும் 2020 ஆம் ஆண்டையொட்டி எலிகளில் நடந்த ஆய்வுகள் காட்டின. புதிதாக வந்தவை பழைய குப்பர் உயிரணுக்களை விட அழற்சியைத் தூண்டும் இயல்பு மிகுந்தவை.

புதியவை அனைத்தும் கேடு செய்பவை அல்ல. அவற்றுள் டிரெம்-2 என்னும் ஏற்பியை உடைய ஒரு வகை, கொழுப்பையும் இறந்த ஈரலணுக்களையும் விழுங்கி அகற்றுகின்றது. இவ்வேற்பி நீக்கப்பட்ட எலிகளில் நோய் கடுமையாகின்றது. மறுபுறத்தில், மனிதக் கல்லீரலின் தழும்புப் பகுதிகளில் டிரெம்-2 உடைய பெருவிழுங்கிகள் குவிந்திருப்பதை எடின்பரோ ஆய்வாளர்கள் 2019 ஆம் ஆண்டில் கண்டனர். ஒரே தோற்றமுடைய உயிரணு, இருக்கும் இடத்தையும் காலத்தையும் பொறுத்து வேறுபட்ட வேலையைச் செய்யக்கூடும் என்பதற்கு இது ஒரு சான்று ஆகும்.

நியூட்ரோஃபில்கள்

குருதியில் மிகுதியாக உள்ள வெள்ளணுக்களான நியூட்ரோஃபில்கள், சேதமடைந்த இடத்திற்கு விரைந்து சென்று சேர்பவை. அவை சுரக்கும் மைலோபெராக்சிடேசு, எலாசுடேசு ஆகிய நொதிகள் கிருமிகளைக் கொல்ல உதவுகின்றன. கிருமியில்லாத கொழுப்புக் கல்லீரலிலோ இந்நொதிகள் ஈரலணுக்களையே தாக்குகின்றன. நியூட்ரோஃபில்கள் தம் டி. என். ஏ.-யை வலை போல வெளியே வீசுவதும் உண்டு. இவ்வலைகள் அழற்சியை மேலும் வளர்க்கின்றன. மது மிகுதியால் உண்டாகும் கல்லீரல் அழற்சியில் இவ்வுயிரணுக்கள் குறிப்பாக மிகுந்து காணப்படுகின்றன.

டி-உயிரணுக்கள்

டி-உயிரணுக்கள் பொதுவாக ஒரு குறிப்பிட்ட கிருமியையோ பிறழ்ந்த உயிரணுவையோ அடையாளங்கண்டு செயற்படுபவை ஆகும். சிடி8 வகை டி-உயிரணுக்கள் இலக்கு உயிரணுக்களைக் கொல்கின்றன. சிடி4 வகை மற்ற உயிரணுக்களுக்குத் துணைபுரிகின்றது. கொழுப்புக் கல்லீரல் அழற்சியில் சிடி8 உயிரணுக்கள் கல்லீரலிற் பெருகுகின்றன. 2021 ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு, இவற்றுள் ஒரு பகுதி தம் இலக்கை அடையாளங்காணாமலேயே, சூழலிலுள்ள வளர்சிதைமாற்றப் பொருட்களால் தூண்டப்பட்டு ஈரலணுக்களைக் கொல்கின்றது என்று காட்டியது. தொற்றுநோயில் காணப்படும் ஒழுங்கான தாக்குதலிலிருந்து இது வேறுபட்டதாகும்.

மியூகோசல் டி-உயிரணுக்கள் எனப்படும் மற்றொரு வகை, பாக்டீரியாக்கள் வைட்டமின் பி2 தயாரிக்கும்போது உண்டாகும் பொருட்களை உணரக்கூடியது. மனிதக் கல்லீரலின் டி-உயிரணுக்களில் இவை ஐந்தில் ஒரு பங்கு முதல் ஏறக்குறையப் பாதி வரை இருக்கும்.

இயற்கைக் கொல்லி உயிரணுக்கள்

இவ்வுயிரணுக்கள் முன் பயிற்சியின்றியே பிறழ்ந்த உயிரணுக்களைக் கொல்லக்கூடியவை. மனிதக் கல்லீரலில் இவை மிகுதியாக உள்ளன. தழும்பை உண்டாக்கும் விண்மீன் உயிரணுக்களைக் கொல்வதன் மூலம் இவை தழும்புறலைக் குறைக்கின்றன. நோய் முற்றும்போது இவற்றின் இந்த ஆற்றல் குறைகின்றது.

பி-உயிரணுக்கள்

பி-உயிரணுக்கள் பிறபொருளெதிரிகளைச் சுரக்கும் உயிரணுக்களாக மாறக்கூடியவை. இந்நோயில் இவையும் அழற்சியைத் தூண்டும் சைட்டோகைன்களைச் சுரக்கின்றன. இம்யூனோகுளோபுலின் ஏ வகைப் பிறபொருளெதிரியைச் சுரக்கும் உயிரணுக்கள் அழற்சியுற்ற கல்லீரலிற் சேர்ந்து, புற்றுநோயைத் தடுக்க வேண்டிய சிடி8 உயிரணுக்களை அடக்குகின்றன என்று 2017 ஆம் ஆண்டில் வெளியான எலி ஆய்வு ஒன்று தெரிவித்தது.

தழும்பு உருவாதல்

தழும்பின் நாரிழைகளை நோயெதிர்ப்பு உயிரணுக்கள் நேரடியாக உருவாக்குவதில்லை. அவற்றை உருவாக்குபவை மேலே கூறப்பட்ட விண்மீன் உயிரணுக்கள் ஆகும். அமைதி நிலையில் இவை வைட்டமின் ஏ-யைத் தம்முள் சேமித்து வைத்திருக்கும். பெருவிழுங்கிகள் சுரக்கும் உருமாற்று வளர்ச்சிக் காரணி-பீட்டா முதலியவை இவற்றை அடையும்போது, இவை தம் வைட்டமின் சேமிப்பை இழந்து, கொலாஜன் என்னும் நார்ப்புரதத்தை மிகுதியாக உற்பத்தி செய்கின்றன.

சிறிய காயம் ஒன்றில் இச்செயல் பயனுள்ளதாகும். தழும்பு காயத்தை மூடிக் காத்த பின் கரைந்துவிடும். காயத்தின் காரணம் ஆண்டுக்கணக்கில் நீடிக்கும்போது, தழும்பு கரைவதற்கு முன்பே அடுத்த தழும்பு அதன்மேற் படிகின்றது. நாளடைவில் குருதி ஓட்டம் தடைப்பட்டுப் போர்ட்டல் சிரையில் அழுத்தம் உயர்கின்றது. வயிற்றில் நீர் கோத்தல், உணவுக்குழாய்ச் சிரைகள் வீங்கி வெடித்துக் குருதி கசிதல், மூளையின் செயல்பாடு குழம்புதல் ஆகியவை இதன் விளைவுகள்.

கேடும் சீராக்கமும்

பெருவிழுங்கிகளின் இரு பணிகளையும் தெளிவாகக் காட்டிய சோதனை, எடின்பரோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2005 ஆம் ஆண்டில் வெளியிட்டதாகும். கார்பன் டெட்ராகுளோரைடு என்னும் நச்சுப்பொருளால் எலிகளின் கல்லீரலில் தழும்பு உண்டாக்கப்பட்டது. சேதம் நடந்துகொண்டிருந்த காலத்தில் பெருவிழுங்கிகளை நீக்கியபோது தழும்பு குறைந்தது. நச்சு நிறுத்தப்பட்டு கல்லீரல் தேறிவந்த காலத்தில் அவற்றை நீக்கியபோதோ, தழும்பு கரையாமல் நின்றுவிட்டது. தேறும் காலத்தில் பெருவிழுங்கிகளே கொலாஜனைச் சிதைக்கும் நொதிகளைச் சுரக்கின்றன என்பதே இதற்குக் காரணம் ஆகும்.

இச்சோதனை கொழுப்பினால் உண்டான நோயைப் பற்றியது அல்ல. எனினும் இதிலிருந்து பெறப்பட்ட கருத்து கொழுப்புக் கல்லீரல் நோய்க்கும் பொருந்துவதாகக் கருதப்படுகின்றது. அழற்சி உயிரணுக்களை நல்லவை, தீயவை என்று நிலையாகப் பிரிக்க இயலாது. காரணம் நீடிக்கும் வரை அவை தாக்குகின்றன. காரணம் நீங்கியபின் அவை சீர்செய்கின்றன.

கல்லீரல் புற்றுநோய்

கொழுப்புக் கல்லீரல் நோய் கல்லீரல் புற்றுநோய்க்கு ஒரு காரணமாக வளர்ந்து வருகின்றது. இழைநார் வளர்ச்சி ஏற்படாத நிலையிலும் சிலருக்குப் புற்றுநோய் தோன்றுவது உண்டு. ஈரலணுக்கள் தொடர்ந்து இறப்பதும், அவற்றை ஈடுசெய்யப் புதியவை தொடர்ந்து பிரிவதும் மரபணுப் பிழைகள் சேர வழிசெய்கின்றன. 2016 ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், கொழுப்பேறிய கல்லீரலில் லினோலெயிக் அமிலத்தின் விளைவாகச் சிடி4 உயிரணுக்கள் இறப்பதும், அதனால் எலிகளில் புற்றுநோய் விரைவாக வளர்வதும் கண்டறியப்பட்டன.

2021 ஆம் ஆண்டில் வெளியான மற்றோர் ஆய்வு சிகிச்சையோடு தொடர்புடையது. பிடி-1 என்னும் தடையை நீக்கி டி-உயிரணுக்களை ஊக்குவிக்கும் மருந்துகள் பல வகைப் புற்றுநோய்களில் பயன்படுகின்றன. கொழுப்புக் கல்லீரல் அழற்சி உள்ள எலிகளுக்கு இத்தகைய மருந்தைக் கொடுத்தபோது, புற்றுக்கட்டிகள் குறைவதற்குப் பதிலாகக் கூடின. ஊக்குவிக்கப்பட்ட சிடி8 உயிரணுக்கள் கட்டியைத் தாக்காமல் கல்லீரலைத் தாக்கியதே இதற்குக் காரணமாகக் கூறப்பட்டது. மனிதர்களில் இதனைச் சோதித்த பிந்திய ஆய்வுகளின் முடிவுகள் ஒருபடித்தாக இல்லை.

எலி ஆய்வுகளின் வரம்புகள்

இத்துறையின் அறிவு பெரும்பாலும் எலிகளிலிருந்து பெறப்பட்டது. எலிக்கும் மனிதருக்கும் இடையிலான வேறுபாடுகளைக் கருத்திற் கொள்வது அவசியமாகும். டி-உயிரணுக்களின் பண்புகளையும் கொண்ட இயற்கைக் கொல்லி டி-உயிரணுக்கள் எலிகளின் கல்லீரலில் மிகுதியாகவும் மனிதரில் மிகக் குறைவாகவும் உள்ளன. மியூகோசல் டி-உயிரணுக்களோ மனிதரில் மிகுதியாகவும் எலிகளில் அரிதாகவும் உள்ளன. எலிகளுக்குச் சில வாரங்களில் அல்லது மாதங்களில் செயற்கை உணவால் உண்டாக்கப்படும் நோய், மனிதருக்குப் பல பத்தாண்டுகளில் உருவாகின்றது.

நோயறிதல்

தொடக்க நிலைகளில் இந்நோய்க்குப் பெரும்பாலும் அறிகுறிகள் இருப்பதில்லை. வேறு காரணத்திற்காகச் செய்யப்படும் மீயொலி ஸ்கேன் ஆய்வில் கொழுப்பு தற்செயலாகத் தெரியவருவது வழக்கம். ஸ்கேன் கொழுப்பைக் காட்டும், அழற்சியைக் காட்டாது. கல்லீரல் நொதிகளின் அளவு இயல்பாக இருப்பவர்களுக்கும் அழற்சி இருக்கக்கூடும்.

அழற்சியை உறுதியாக அறியக் கல்லீரலிலிருந்து ஊசியால் சிறிதளவு திசுவை எடுத்து நுண்ணோக்கியில் ஆராய வேண்டியுள்ளது. 2005 ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட மதிப்பீட்டு முறையில் கொழுப்புக்கு 0 முதல் 3 வரையும், அழற்சிக்கு 0 முதல் 3 வரையும், ஈரலணுக்களின் உப்பலுக்கு 0 முதல் 2 வரையும் மதிப்பெண் தரப்படுகின்றது. அனைவருக்கும் திசு ஆய்வு செய்வது இயலாததாகையால், வயது, இரு கல்லீரல் நொதிகள், குருதித் தட்டுக்கள் ஆகிய நான்கையும் கொண்டு கணக்கிடப்படும் ஃபிப்-4 எண்ணும், கல்லீரலின் விறைப்பை அளக்கும் கருவிகளும் முதற்கட்டச் சோதனைகளாகப் பயன்படுகின்றன. இவை தழும்பின் அளவை மதிப்பிட உதவுகின்றன. நோயாளியின் எதிர்காலத்தைத் திசு ஆய்வின் மற்றக் கூறுகளை விடத் தழும்பின் அளவே நன்கு முன்னறிவிக்கின்றது.

மருத்துவத்தில் இதன் பயன்

அழற்சியே நோயை முன்னகர்த்துகின்றது என்று அறியப்பட்டதும், நோயெதிர்ப்பு உயிரணுக்களைத் தடுக்கும் மருந்துகள் முயலப்பட்டன. அவற்றுள் முக்கியமானது செனிகிரிவிராக் ஆகும். இது மோனோசைட்டுகள் கல்லீரலுக்குள் நுழைய உதவும் சி. சி. ஆர். 2 ஏற்பியையும், சி. சி. ஆர். 5 ஏற்பியையும் அடைக்கின்றது. 289 நோயாளிகள் பங்கேற்ற இரண்டாம் கட்டச் சோதனையில், ஓராண்டு முடிவில் மருந்து பெற்றவர்களில் 20 விழுக்காட்டினருக்கும், வெற்று மருந்து பெற்றவர்களில் 10 விழுக்காட்டினருக்கும் அழற்சி மோசமாகாமல் தழும்பு குறைந்தது. பெரிய அளவிலான மூன்றாம் கட்டச் சோதனையில் இப்பலன் உறுதிப்படாமையால் அது 2021 ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது.

அழற்சியின் காரணத்தைக் குறைக்கும் வழிகள் கூடுதலான பலனைத் தந்துள்ளன. கியூபாவில் 293 நோயாளிகள் 52 வாரங்கள் உணவுக் கட்டுப்பாடும் உடற்பயிற்சியும் மேற்கொண்ட ஆய்வு 2015 ஆம் ஆண்டில் வெளியானது. தம் எடையில் 10 விழுக்காடு அல்லது அதற்கு மேல் குறைத்தவர்களில் 90 விழுக்காட்டினருக்குக் கொழுப்புக் கல்லீரல் அழற்சி நீங்கியது. 45 விழுக்காட்டினருக்குத் தழும்பும் குறைந்தது. ஆனால் பங்கேற்றவர்களில் சுமார் பத்தில் ஒருவரே அந்த அளவுக்கு எடையைக் குறைத்தனர்.

அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் இழைநார் வளர்ச்சி ஏற்படாத, நடுத்தர அல்லது முதிர்ந்த தழும்புடைய அழற்சிக்கு 2024 மார்ச்சில் ரெஸ்மெட்டிரோம் என்னும் மருந்தையும், 2025 ஆகஸ்டில் செமாகுளுட்டைடு என்னும் மருந்தையும் ஏற்றது. முன்னது கல்லீரலில் கொழுப்பு எரிக்கப்படுவதைக் கூட்டுகின்றது. பின்னது பசியையும் எடையையும் குறைக்கின்றது. இவற்றின் முதன்மை இலக்கு நோயெதிர்ப்பு உயிரணுக்கள் அல்ல. கொழுப்பின் சுமை குறையும்போது அழற்சியும் தணிகின்றது.

சீர்செய்யும் பணியைப் பயன்படுத்தும் முயற்சிகளும் நடைபெறுகின்றன. இழைநார் வளர்ச்சி உள்ள 9 நோயாளிகளுக்கு, அவர்களின் குருதியிலிருந்து எடுத்த மோனோசைட்டுகளை ஆய்வகத்தில் பெருவிழுங்கிகளாக வளர்த்து மீண்டும் உடலுக்குள் செலுத்திய முதற்கட்டச் சோதனையின் முடிவு 2019 ஆம் ஆண்டில் எடின்பரோவிலிருந்து வெளியானது. இம்முறை பாதுகாப்பானது என்று அதில் காணப்பட்டது. கல்லீரலைக் கெடுப்பவையாக மட்டும் ஒரு காலத்தில் கருதப்பட்ட உயிரணுக்கள், இச்சோதனையில் மருந்தாகவே அளிக்கப்பட்டன.